சாப்ஸ்டிக்கை சாதத்தில் குத்தி வைக்காதீங்க! - ஜப்பான் போகிறவர்களுக்கு ஒரு சாப்பாட்டு மேசை கைடு

டோக்கியோவில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மகளுடைய ஜப்பானியத் தோழியின் குடும்பம் உங்களை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அழைக்கிறது. மேசை நிறைய சின்னச் சின்னக் கிண்ணங்கள். அரைமணி நேரப் போராட்டத்தில் சாப்ஸ்டிக் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. இறால் டெம்புரா பிரமாதம். 'இதைச் சாப்பிட்டுப் பாருங்களேன்' என்று பக்கத்தில் இருக்கும் கணவரிடம் சாப்ஸ்டிக்கால் ஒரு துண்டை நீட்டுகிறீர்கள். அவரும் கெட்டிக்காரத்தனமாகத் தன் சாப்ஸ்டிக்காலேயே அதைப் பிடித்து வாங்கிக்கொள்கிறார்.

மேசையில் பேச்சு ஒரு நொடி நின்றுபோகிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பாட்டி மட்டும் பார்வையைத் தாழ்த்திக்கொள்கிறார்.

அப்படி என்ன தப்பு செய்துவிட்டோம்?

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் எண்ணிக்கை எகிறிக்கொண்டிருக்கிறது. 2024-ல் மட்டும் சுமார் 3.68 கோடி வெளிநாட்டினர் அங்கே போயிருக்கிறார்கள். அதில் இந்தியர்கள் 2.3 லட்சத்துக்கும் மேல். கிளம்புவதற்கு முன் இணையத்தில் தேடினால், 'ஜப்பானில் செய்யக்கூடாத 50 விஷயங்கள்' என்று பயமுறுத்தும் பட்டியல்கள்தான் வந்து விழுகின்றன. அதைப் படித்துவிட்டுப் போனால் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாது.

உண்மையில் அந்த 50-ம் ஒரே எடை கொண்டவை அல்ல. சாப்ஸ்டிக்கை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத வெளிநாட்டவரை ஜப்பானியர்கள் தப்பாக நினைப்பதில்லை. மனதை நோகடிப்பவை மூன்றே வகைதான். மரணத்தை நினைவுபடுத்துவது, அடுத்தவருக்குத் தொந்தரவாக இருப்பது, சமைத்தவரின் உழைப்பை மதிக்காமல் போவது. இந்த மூன்றையும் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் போகப் போகத் தானாக வந்துவிடும்.

முதல் விதி: சாவுச் சடங்கை மேசைக்குக் கொண்டுவராதீர்கள்

ஜப்பானில் இறந்தவர்களில் 99 சதவிகிதத்துக்கும் மேற்பட்டவர்கள் தகனம்தான் செய்யப்படுகிறார்கள். தகனம் முடிந்ததும் நெருங்கிய உறவினர்கள் சாம்பலைச் சுற்றி நிற்பார்கள். ஆளுக்கொரு ஜோடி நீளமான சாப்ஸ்டிக். இரண்டு பேர் சேர்ந்து ஒரே எலும்பைப் பிடித்துத் தூக்குவார்கள். அல்லது ஒருவர் எடுத்து அடுத்தவரின் சாப்ஸ்டிக்குக்கு மாற்றுவார். அப்படியே கலசத்துக்குள் வைப்பார்கள். முதலில் கால் எலும்பு, கடைசியில் தலை எலும்பு. கலசத்துக்குள்ளும் அவர் தலைகீழாக இருந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த வரிசை. கழுத்தில் இருக்கும் ஒரு சிறு எலும்பு, பார்ப்பதற்குப் புத்தர் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும் என்பதால், அதைத் தனி மரியாதையோடு எடுப்பார்கள். 'கொத்சுஆகே' என்று இந்தச் சடங்குக்குப் பெயர்.

சாப்ஸ்டிக்கில் இருந்து சாப்ஸ்டிக்குக்கு ஒரு பொருள் கைமாறுவது இந்த ஓர் இடத்தில்தான். அப்பாவின், அம்மாவின் எலும்பை அப்படி வாங்கிய கைகள் அந்த மேசையிலேயே இருக்கலாம். அந்தப் பாட்டி ஏன் பார்வையைத் தாழ்த்தினார் என்று இப்போது புரிகிறதா?

நம் ஊரிலும் சுடுகாட்டில் அஸ்தி எடுத்திருப்போம், வாய்க்கரிசி போட்டிருப்போம். கல்யாணப் பந்தியில் ஒருவர் விளையாட்டாக அந்தச் சைகையைச் செய்தால் நமக்கு எப்படி இருக்கும்? அதே உணர்வுதான்.

இரண்டாவது தவறு, சாப்ஸ்டிக்கைச் சாதத்தில் செங்குத்தாகக் குத்தி வைப்பது. தண்ணீர் குடிக்க வேண்டும், சாப்ஸ்டிக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நம்மவர்கள் ரொம்ப இயல்பாகச் செய்துவிடுவார்கள். இறந்தவரின் தலைமாட்டில் ஒரு கிண்ணம் நிறையச் சாதம் வைத்து, அதில் சாப்ஸ்டிக்கை நட்டு வைப்பது அங்கே வழக்கம். 'தலையணைச் சோறு' என்றே அதற்குப் பெயர். உயிரோடு இருப்பவர் முன்னால் அதைச் செய்தால் எப்படி?

தீர்வு ரொம்ப எளிது. உணவைப் பகிர வேண்டுமா? எதிரில் இருப்பவரின் தட்டில் வைத்துவிடுங்கள். அவர் தட்டில் இருந்து எடுத்துக்கொள்வார். சாப்ஸ்டிக்கைக் கீழே வைக்க வேண்டுமா? மேசையில் 'ஹஷிஓகி' என்ற குட்டித் தாங்கி இருக்கும், அதில் படுக்கை வாட்டில் வையுங்கள். தாங்கி இல்லாவிட்டால், சாப்ஸ்டிக் வந்த காகித உறையை மடித்து அதையே தாங்கியாக வைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு மட்டும் மறக்கவே கூடாதவை. மற்ற சாப்ஸ்டிக் தவறுகளுக்கும் அங்கே தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. எதை எடுப்பது என்று தெரியாமல் கிண்ணங்களுக்கு மேல் குச்சியை அலையவிடுவது, நுனியைச் சப்புவது, பிடிபடாத உருண்டையைக் குத்தி எடுப்பது, குச்சியால் கிண்ணத்தை நம் பக்கம் இழுப்பது, ஒருவரைச் சுட்டிக்காட்டிப் பேசுவது. இவையெல்லாம் நம் வீட்டில் 'கரண்டியை ஆட்டிப் பேசாதே' என்று பாட்டி அதட்டுவது போன்றவை. நினைவில் இருந்தால் நல்லது. தவறினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சாப்ஸ்டிக் வரவே இல்லையா? ஸ்பூன், ஃபோர்க் கேட்பதில் வெட்கமே வேண்டாம். குழந்தைகளோடு போனால் குடும்ப ரெஸ்டாரன்ட்களில் அவர்களே எடுத்து வந்து கொடுப்பார்கள்.

உள்ளே நுழையும்போது...

கடைக்குள் நுழைந்ததும் காலியாக இருக்கும் மேசையைப் பிடித்து உட்காராதீர்கள். வாசலில் நில்லுங்கள். 'எத்தனை பேர்?' என்று கேட்பார்கள். விரலால் காட்டினால் போதும், அவர்களே அழைத்துப் போய் உட்கார வைப்பார்கள். பல ராமென் நூடுல்ஸ் கடைகளில் வாசலிலேயே டிக்கெட் மெஷின் இருக்கும். முதலில் பணம் போட்டு டிக்கெட் எடுத்து, அதை உள்ளே கொடுக்க வேண்டும்.

தாதாமி எனப்படும் கோரைப்பாய் விரித்த அறை என்றால் செருப்பை வெளியே விட வேண்டும். இது நமக்குப் புதிது இல்லை. ஆனால் சாக்ஸ் கிழியாமல் இருக்கிறதா என்று காலையிலேயே ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்! இதுபோன்ற இடங்களில் கழிப்பறைக்குத் தனிச் செருப்பு வைத்திருப்பார்கள். அதே செருப்போடு திரும்பி வந்து சாப்பாட்டு அறைக்குள் நுழைவதுதான் வெளிநாட்டினர் அடிக்கடி செய்யும் காமெடி.

உட்கார்ந்ததும் சுருட்டிய ஈரத் துண்டு வரும். 'ஒஷிபோரி' என்பார்கள். வெயில் காலத்தில் குளிர்ச்சியாகவும், குளிர் காலத்தில் சூடாகவும் இருக்கும். கை துடைக்க மட்டும்தான் அது. முகம், கழுத்து என்று இறங்க வேண்டாம்.

சர்வரைக் கூப்பிட 'சுமிமாசென்' என்று குரல் கொடுக்கலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மேசையில் அழைப்பு பட்டன் இருந்தால் இன்னும் வசதி.

இரண்டே வார்த்தைகள் போதும்!

சாப்பிடத் தொடங்கும் முன் 'இத்தாதகிமாஸ்'. சாப்பிட்டு முடித்ததும் 'கொச்சிசோசாமா தெஷ்தா'. ஜப்பானிய மொழியில் வேறு எதுவும் தெரியாவிட்டாலும் இந்த இரண்டையும் பழகிக்கொண்டு போங்கள்.

முதல் சொல்லுக்கு 'பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்' என்று அர்த்தம். சமைத்தவர், விளைவித்தவர், உணவாக மாறிய உயிர் என்று எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லும் நன்றி இது. இரண்டாவது சொல்லின் வேர் இன்னும் அழகு. அதன் எழுத்துகளில் 'ஓடுவது' என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. விருந்தாளிக்காக இங்கும் அங்கும் ஓடியாடிப் பொருள் சேகரித்துச் சமைத்தீர்களே, அந்த ஓட்டத்துக்கு நன்றி என்பதே அதன் உட்பொருள். கடையை விட்டு வெளியேறும்போது சமையல்காரரைப் பார்த்து இதைச் சொல்லுங்கள். உச்சரிப்பு தப்பாக இருந்தாலும் அவர் முகம் மலர்ந்துவிடும்.

கிண்ணத்தைக் கையில் எடுங்கள்

தட்டைத் தூக்கிச் சாப்பிடாதே என்று வளர்ந்தவர்கள் நாம். அங்கே தலைகீழ். சாதக் கிண்ணம், மிசோ சூப் கிண்ணம் இரண்டையும் இடது கையில் தூக்கிப் பிடித்துத்தான் சாப்பிட வேண்டும். கிண்ணம் மேசையிலேயே இருக்க, நாம் குனிந்து வாயைக் கொண்டுபோனால் அதை 'நாய் மாதிரி சாப்பிடுவது' என்பார்கள். பக்கத்து நாடான கொரியாவில் கிண்ணத்தைத் தூக்கினால்தான் தப்பு என்பது சுவாரஸ்யம்.

சூப்புக்கு ஸ்பூன் வராது. கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிக்கலாம். உள்ளே இருக்கும் டோஃபு, கீரையைச் சாப்ஸ்டிக்கால் எடுத்துச் சாப்பிடலாம். பெரிய தட்டுகளை மட்டும் தூக்க வேண்டாம். கீழே சிந்திவிடுமோ என்று உணவுக்கு அடியில் இன்னொரு உள்ளங்கையை ஏந்திப் பிடிப்பது நமக்கு மரியாதையாகத் தோன்றும். ஆனால், அங்கே அது நல்ல பழக்கமாகக் கருதப்படுவதில்லை. அதற்குப் பதில் குட்டிக் கிண்ணத்தையே ஏந்திக்கொள்ளுங்கள்.

நூடுல்ஸை 'ஸ்ஸ்ர்ர்' என்று உறிஞ்சிச் சாப்பிடலாமா? தாராளமாக. சோபா, ராமென் கடைகளில் அந்தச் சத்தம் இயல்பானது. உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போவதால் சூடு குறையும், மணமும் கூடும். வரவில்லை என்றால் அமைதியாகச் சாப்பிட்டாலும் தப்பில்லை. ஆனால் மேசையில் சத்தமாக மூக்கைச் சிந்துவது கூடாது. காரம் ஏறினால் எழுந்து வெளியே போய்விடுங்கள்.

சுஷி கடையில் இருக்கும் நம்பிக்கை

சுஷியைக் கையால் எடுத்தே சாப்பிடலாம். நமக்கு இது போதாதா! சோயா சாஸைக் குட்டித் தட்டில் கொஞ்சமாக ஊற்றி, சுஷியைத் திருப்பி, மீன் இருக்கும் பக்கத்தை மட்டும் லேசாகத் தொட்டுக்கொள்ள வேண்டும். சாதப் பக்கத்தை முக்கினால் உதிர்ந்துவிடும். வெள்ளைச் சாதத்தின் மேல் சாஸை ஊற்றிப் பிசைவது வேண்டாம். பெரிய சுஷி கவுன்டர்களுக்குப் போகும்போது சென்ட் அடித்துக்கொள்ளாதீர்கள். மீனின் மென்மையான மணத்தை அது கெடுத்துவிடும் என்பது பக்கத்து இருக்கைக்காரரின் கவலை.

குழந்தைகளுக்குப் பிடித்தது சுஷி தட்டுகள் பெல்ட்டில் சுற்றிவரும் கடை. பீர் ஆலையில் பாட்டில்கள் பெல்ட்டில் நகர்வதைப் பார்த்து யோசனை பிறந்து, யோஷியாகி ஷிராய்ஷி என்பவர் 1958-ல் ஒசாகாவை ஒட்டிய பகுதியில் தொடங்கியது இது. இங்கே ஒரே விதி, எடுத்த தட்டைத் திரும்ப பெல்ட்டில் வைக்கக் கூடாது. தொட்டால் அது உங்களுடையது.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? 2023 தொடக்கத்தில் இப்படி ஒரு கடையில் ஓர் இளைஞர் சோயா சாஸ் பாட்டிலை நக்கி வைத்த வீடியோ பரவியது. நாடே கொந்தளித்தது. அந்த நிறுவனம் சுமார் 6.7 கோடி யென் நஷ்டஈடு கேட்டு வழக்கு போட்டு, பிறகு சமரசமானது. சில கடைகள் சுற்றிவரும் தட்டுகளையே நிறுத்திவிட்டு, ஆர்டர் செய்ததை மட்டும் அனுப்பும் முறைக்கு மாறின. பொது பாட்டில், பொது பெல்ட் எல்லாமே 'எனக்கு முன்னால் உட்கார்ந்தவர் ஒழுங்காக நடந்திருப்பார்' என்ற நம்பிக்கையில் ஓடுகின்றன. ஒருவர் உடைத்தால் எல்லோருக்கும் நஷ்டம்.

முன்பதிவும் அப்படித்தான். எட்டு, பத்து இருக்கை மட்டுமே உள்ள கடைகள் அங்கே ஏராளம். உங்கள் பெயரில் இரண்டு இருக்கை என்றால், அதற்கு அளவாக அன்று காலையிலேயே மீன் வாங்கியிருப்பார்கள். போக முடியாவிட்டால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதேபோல ஒரு ராமென் வாங்கி இரண்டு பேர் பகிர்ந்துகொள்வதைப் பல சின்னக் கடைகள் விரும்புவதில்லை. ஆளுக்கு ஒன்றாவது ஆர்டர் செய்ய வேண்டும். வெளியில் இருந்து கொண்டுபோன தின்பண்டத்தை உள்ளே பிரிப்பதும் கூடாது.

சைவக்காரர்கள் கவனத்துக்கு...

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு உண்மையான சிக்கல் இங்கேதான். தட்டில் மீன் துண்டு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மீன் இருக்கும்.

காரணம், 'தாஷி'. ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறு இது. கொம்பு என்ற கடற்பாசியும், 'கட்சுஓபுஷி' என்ற உலர்ந்த சூரை மீன் சீவலும் சேர்த்துத் தயாராவது. நம் கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் மாசிக்கருவாடு பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அதே பக்குவம்தான். சூரையை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல ஆகும்வரை காயவைப்பார்கள். பிறகு மரத்தை இழைப்பதுபோலச் சீவுவார்கள். மிசோ சூப், உடோன், சோபா சாறு, வேகவைத்த காய்கறி, முட்டை ரோல் என்று எதிலும் இந்தச் சாறு இருக்கலாம். டோஃபு சைவம்தானே என்று ஆர்டர் செய்தால், அதன் மேல் மீன் சீவல் தூவி வரும்.

'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால், 'இறைச்சித் துண்டு வேண்டாம்' என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. அதனால் குறிப்பாகச் சொல்லுங்கள். 'நிகு தோ சகானா வா தபெமாசென்' என்றால், இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன். 'சகானா நோ தாஷி மோ தாமே தெஸ்' என்றால், மீன் சாறும் கூடாது. ஜப்பானிய எழுத்தில் இதை அச்சிட்டு ஒரு கார்டாக வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

நிம்மதியாகச் சாப்பிட நல்ல வழி, 'ஷோஜின் ரியோரி' எனப்படும் புத்தமடாலயச் சமையல். இறைச்சி, மீன் கிடையாது. சாறும் கொம்பு, ஷிடாகே காளானில் எடுத்ததுதான். மரபான முறையில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. கோயாசான் மலையில் மடாலயங்களிலேயே தங்கி இதைச் சாப்பிடலாம். எள்ளில் செய்த டோஃபு அங்கே பிரபலம்.

அலர்ஜி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பாக்கெட் உணவுகளில் முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, இறால், நண்டு, சோபா போன்றவை இருந்தால் குறிப்பிட வேண்டும் என்பது அங்கே சட்டம். ரெஸ்டாரன்ட் தட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இதில் கூச்சமே கூடாது. ஆனால் ஒன்று, உட்கார்ந்த பிறகு 'அதை எடுத்துவிடுங்கள், இதை மாற்றுங்கள்' என்று கேட்டால் சின்னக் கடைகள் திணறும். முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் முடிந்தவரை தயார் செய்து வைப்பார்கள்.

குடிப்பவர்களும் குடிக்காதவர்களும்

எல்லோர் கையிலும் கோப்பை வந்து, 'கன்பாய்' சொன்ன பிறகுதான் முதல் வாய். உங்கள் கோப்பையை நீங்களே நிரப்பிக்கொள்வதைவிடப் பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றுவதுதான் வழக்கம். அவர் உங்களுக்கு ஊற்றுவார். போதும் என்றால் கோப்பையைக் காலி செய்யாமல் அப்படியே வைத்துவிடுங்கள். மது பழக்கம் இல்லாதவர்கள் ஊலாங் டீயோடு கன்பாய் சொல்லலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

'இஸாகாயா' என்ற மதுக்கடைகளில் நீங்கள் கேட்காத ஒரு குட்டிக் கிண்ணம் முதலில் வரும். 'ஒதோஷி' என்பார்கள். ஏமாற்று வேலை என்று சண்டைக்குப் போக வேண்டாம். உட்காரும் இடத்துக்கான கட்டணம் அது, பொதுவாக 300 முதல் 500 யென் வரை இருக்கும்.

டிப்ஸ் வைத்தால் துரத்தி வருவார்கள்!

பில் வந்தால் மேசையில் டிப்ஸ் வைக்காதீர்கள். பணத்தை மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து, தெருவரை ஓடிவந்து திருப்பித் தருவார்கள். நன்றாகக் கவனிப்பது அவர்களுடைய வேலையின் பகுதி, அதற்குத் தனி விலை கிடையாது. பெரிய ஹோட்டல்களில் சர்வீஸ் சார்ஜை பில்லிலேயே சேர்த்திருப்பார்கள். பெரும்பாலான கடைகளில் வாசல் கவுன்டரில்தான் பணம் கட்ட வேண்டும். அங்கே ஒரு சின்ன ட்ரே இருக்கும். கையில் கொடுக்காமல் அதில் வையுங்கள்.

மிச்சம் வைப்பதும் கவனிக்க வேண்டியதுதான். வீணாக்குவதற்கு வருந்தும் 'மொத்தாய்னாய்' என்ற சொல் அங்கே குழந்தைகளுக்கும் தெரியும். வெயிலில் கெட்டுவிடும் என்ற பயத்தால் மிச்சத்தைப் பார்சல் கட்டித் தரப் பல கடைகள் தயங்கும். அதனால் கொஞ்சமாக ஆர்டர் செய்து, தேவைப்பட்டால் மறுபடி கேளுங்கள்.

தெருக்கடையில் வாங்கியதை நடந்துகொண்டே சாப்பிடாமல், கடை முன்னாலேயே நின்று முடித்துவிடுங்கள். கூட்டத்தில் அடுத்தவர் உடையில் பட்டுவிடும், குப்பையும் சேரும். காமகுரா நகரம் 2019-ல் இதற்காக ஒரு விதிமுறையே கொண்டுவந்தது. அபராதம் கிடையாது, வேண்டுகோள்தான்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

* சாப்ஸ்டிக்கில் இருந்து சாப்ஸ்டிக்குக்கு உணவை மாற்றக் கூடாது. தட்டில் வையுங்கள்.
* சாதத்தில் சாப்ஸ்டிக்கைக் குத்தி நிறுத்தக் கூடாது.
* சாதம், சூப் கிண்ணத்தைக் கையில் ஏந்துங்கள்.
* பெல்ட்டில் எடுத்த தட்டைத் திருப்பி வைக்காதீர்கள்.
* டிப்ஸ் வேண்டாம். பணத்தை ட்ரேயில் வையுங்கள்.
* இத்தாதகிமாஸ் - சாப்பிடும் முன்.
* கொச்சிசோசாமா தெஷ்தா - சாப்பிட்ட பின்.
* ஸ்பூன் ஒநெகாய்ஷிமாஸ் - ஸ்பூன் கொடுங்கள்.
* ஒகாய்கே ஒநெகாய்ஷிமாஸ் - பில் கொடுங்கள்.
* சுமிமாசென் - மன்னியுங்கள்.

கடைசியாக, தோழி வீட்டு மேசைக்கே திரும்புவோம். தப்பு நடந்துவிட்டது. இப்போது என்ன செய்வது? பதறி எழுந்து நிற்க வேண்டாம். விளக்கமும் வேண்டாம். சாப்ஸ்டிக்கைத் தாங்கியில் வைத்துவிட்டு, தலையைச் சற்றுத் தாழ்த்தி 'சுமிமாசென்' என்று சொல்லுங்கள். 'பரவாயில்லை, பரவாயில்லை' என்று சிரித்துக்கொண்டே அடுத்த கிண்ணத்தை உங்கள் பக்கம் நகர்த்துவார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பாட்டியைப் பார்த்து, திக்கித் திணறியாவது 'கொச்சிசோசாமா தெஷ்தா' சொல்ல மறக்காதீர்கள். அன்று முழுக்க உங்களுக்காக அடுப்படியில் ஓடியாடியது பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும்.